ஏழாம் வரி

என் கார் செத்துப்போய்விட்டது என்று கடிதம் வந்தபோது அது வாசலில் நின்றுகொண்டிருந்தது. அன்று காலைதான் அதில் ஏறி ஒன்பது வீடுகளுக்குப் போய் வந்திருந்தேன். பரிசோதனைக்கூடம் வரை வர முடியாதவர்களிடம் நேரில் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. பின் சீட்டில் ஐஸ் பெட்டி, முன் சீட்டில் ஊசிப் பை. என் அலுவலகமே அந்தக் கார்தான்.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் ஒரு நோயாளி வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தேன். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்த பால் வேன் அதன் முன்பக்க மூலையில் இடித்துவிட்டது. ஒரு விளக்கு உடைந்தது, பம்பர் தொங்கியது, பக்கத்துத் தகடு நசுங்கியது. வேன்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விடுங்க, இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு என்று நானே தைரியம் சொல்லி அனுப்பினேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதத்தில் ‘முழு இழப்பு’ என்று போட்டிருந்தார்கள். பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டுகிறதாம். ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் அனுப்பிக் காரை எடுத்துக்கொள்வார்களாம். இருபது வயதுக் கார் என்பது வாஸ்தவம். அதற்காக ஒரு விளக்கு உடைந்ததற்கெல்லாமா பாடை கட்டுவார்கள்?

தம்பி கடிதத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். பேசாமல் பணத்தை வாங்கிக்கொள், வேறு கார் வாங்குகிறவரை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. என் வலது கால் பேருக்குத்தான் கால். ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு அதன் வலு போய்விட்டது. இந்தக் கார் வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் தம்பியின் ஸ்கூட்டர்தான் எனக்குக் கதி. அவன் கெட்டவனில்லை. ‘இதோ வரேன்கா’ என்பான். அந்த ‘இதோ’ ஒரு மணி நேரம் ஓடும். வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருந்தவர்களிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம்தான் ஒரு மெக்கானிக், கியர் தானாக மாறும் இந்தக் காரைத் தேடிப் பிடித்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்திக் கொடுத்தார். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். காலுக்கு வேலையே கிடையாது. நேராக இருந்த கம்பி என் முட்டியில் இடித்தது. மூன்று தடவை கழற்றி, சூடு காட்டி, வளைத்து வளைத்துப் பார்த்து என் முட்டிக்குத் தோதாக மாட்டினார். பிடிக்கக் குழந்தை சைக்கிளின் ரப்பர் கைப்பிடி. கடிதம் வந்த அன்று அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். இப்போது வரும் கார்களில் எல்லாம் எலெக்ட்ரானிக், அந்த இடத்தில் கை வைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் கொடுக்கிற தொகைக்கு இன்னொரு பழைய கார் கிடைப்பதும் சந்தேகம். உள்ளதைச் சொல்கிறேன், பயந்துதான் போனேன்.

“நீ கொண்டு விட்டதெல்லாம் போதும்டா,” என்றேன் தம்பியிடம். “உன்னோட ‘இதோ’லயே என் பாதி வயசு போயிடுச்சு.”

அவன் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும்.

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ஒரு பெண், கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது மேடம் என்றாள். சேதத்தை மதிப்பிடக் காரைப் பார்த்துவிட்டுப் போன சர்வேயரின் முழு அறிக்கை வேண்டும் என்று கேட்டேன். அதைத் தருகிற வழக்கமில்லையாம். சரி, அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அரை மணி நேரத்தில் அறிக்கை போனுக்கு வந்து சேர்ந்தது.

ரத்தக் குழாயில் பெயரும் நேரமும் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதல் ஆறு வரிகளில் விளக்கு, பம்பர், தகடு, பெயிண்ட். நியாயம்தான். ஏழாவது வரியில் இப்படி இருந்தது: ‘மோதலின் வேகத்தில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இரும்புக் கம்பி ஒன்று வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங், பிரேக் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும்.’ மற்ற ஆறு வரிகளையும் கூட்டினாலும் இந்த ஒரு வரியில் பாதி தேறாது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த சர்வேயர் வந்த அன்று மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். சாவியை நீட்டினேன், வேண்டாம் என்றார். கதவைக்கூடத் திறக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்றே நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் செருப்பால் அடிக்க மாட்டார்களா?

வியாழக்கிழமை விடிந்ததும் ஐந்து வீடுகளை முடித்தேன். குழாய்களைப் பரிசோதனைக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் படிக்கட்டுக்கு நேர் எதிரே காரை நிறுத்தினேன். வாட்ச்மேன் ஓடிவந்து, மேனேஜர் வண்டி நிற்கிற இடம், எடுங்கள் என்றார்.

“இது செத்துப்போன வண்டிங்க, நகராது,” என்றேன். “உள்ள வேணா கேட்டுப் பாருங்க.”

மேனேஜர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், சர்வேயரையும் கூப்பிட்டார். கடிதத்தைப் பார்த்துவிட்டு, இன்று வண்டியை எடுக்க ஆள் கிளம்பியிருப்பார்களே, வண்டி வீட்டில்தானே இருக்கிறது என்று கேட்டார்.

“உங்க வாசல்ல இருக்கு.”

“இழுத்துட்டு வந்தீங்களா?”

“ஓட்டிட்டு வந்தேன். வர்ற வழியில அஞ்சு பேருக்கு ரத்தம் எடுத்துட்டு.”

ஏழாம் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். சர்வேயர் தன் அனுபவத்தை எடுத்துவிட ஆரம்பித்தார். அவர்களே கொடுத்த பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து மேஜையில் போட்டேன். ‘கையால் ஓட்டும்படி மாற்றி அமைக்கப்பட்ட வண்டி’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. அதற்கென்று வருடா வருடம் என்னிடம் கூடுதலாகப் பணம் வாங்கியும் வருகிறார்கள். சர்வேயரின் அனுபவம் பாதியில் நின்றது.

மேனேஜர் நடைமுறையைச் சொன்னார். நான் மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், மேலிடத்துக்கு அனுப்பிப் பதில் வர ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை வண்டி அவர்களுடைய கொட்டகையில் பத்திரமாக இருக்குமாம். ஒரு மாதம் எத்தனை ‘இதோ’ என்று எனக்குத்தான் தெரியும். கைத்தடியை ஊன்றி எழுந்தேன்.

“கீழ வாங்க சார்,” என்றேன் சர்வேயரைப் பார்த்து. “அன்னைக்குப் பார்க்காததை இன்னைக்குப் பார்த்துட்டு எழுதுங்க.”

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், போய் வாருங்கள் என்று தலையை ஆட்டினார்.

கீழே வந்ததும், பக்கத்துச் சீட்டிலிருந்த ஊசிப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சர்வேயர் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். கிழவி, இன்று மட்டும் மானத்தை வாங்கிவிடாதே என்று காரிடம் மனதுக்குள் கெஞ்சினேன். கிளம்பியது. கம்பியை இழுத்துக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினேன். பின்பக்கச் சுவரை நோக்கி நேராக விட்டேன். அவர் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கம்பியை ஒரு தள்ளு. சுவருக்கு நாலடி முன்னால் கார் நின்றது.

“பிரேக் பிடிக்குதா?”

“பிடிக்குதுங்க.”

“அப்ப எழுதுங்க.”

ஊசிப் பையின் மேலேயே தாளை வைத்து எழுதினார். வாங்கிப் படித்தேன். ‘கம்பியில் சேதம் இல்லை’ என்று மட்டும் இருந்தது.

“இது பத்தாது. ‘கம்பி வளைந்திருக்கிறது, அது வளைந்துதான் இருக்க வேண்டும்’னு எழுதுங்க. இல்லன்னா அடுத்த தடவை வர்றவர் வந்து அதை நிமிர்த்தச் சொல்வார்.”

எழுதினார். கையெழுத்தும் போட்டார். மேலே போனதும் மேனேஜர் ஏழாம் வரியை அடித்து, முழு இழப்பை ரத்து செய்து, மற்ற ஆறுக்கும் ஒப்புதல் முத்திரை குத்திக் கொடுத்தார். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

காரில் ஏறும்போது போன் அடித்தது. தம்பி.

“அக்கா, வண்டி எடுக்க ஆள் வந்து நிக்கிறாங்க. நீ எங்க இருக்க? நான் வந்து கூட்டிட்டு வரட்டா?”

“அவங்களைப் போகச் சொல்லு. இதோ வரேன்டா,” என்றேன்.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் இருந்தேன்.