அதான் முடிவாயிடுச்சே!

அடுத்தவர் வாயைக் கிளறுவதுதான் என் பிழைப்பு. கருத்துக்கணிப்பு நடத்தும் கம்பெனியில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் தன் போக்கில் போடுகிற எண்களுக்கெல்லாம் பேச வேண்டும். அந்த வாரம் திரையில் இருந்த கேள்வி இது: "கடல் கடந்து நடக்கும் சண்டையை அடக்க நட்பு நாடுகள் படை அனுப்பியுள்ளன. அவற்றோடு நம் படையும் செல்வதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

எனக்கு அது வெறும் கேள்வி இல்லை. படை போவதானால் முதலில் போவது என் தம்பி இருக்கும் பிரிவுதான் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாராவது 'எதிர்க்கிறேன்' என்றால் போனுக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருக்கும். ஆனால் குரலில் அதைத் துளிகூடக் காட்டக் கூடாது. விளக்கமும் சொல்லக் கூடாது. மறுமுனையில் என்ன கேட்டாலும் கேள்வியை அப்படியே திரும்பப் படிக்க வேண்டும். இது எங்கள் சூப்பர்வைசர் அம்மாவின் கண்டிப்பான சட்டம்.

என்னைக் குடைந்தது வேறு விஷயம். பாதிப் பேர் பதில் சொல்வதற்கு முன்னால், "அதான் முடிவாயிடுச்சே, அப்புறம் எதுக்கு எங்களைக் கேக்கறீங்க?" என்றார்கள். லாரி ஓட்டுகிறவர் கேட்டார், கணக்கு டீச்சர் கேட்டார், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒரு பெண்ணும் கேட்டாள். நான் கேள்வியைத் திரும்பப் படிப்பேன். "சரி, ஆதரிக்கிறேன்னு போட்டுக்கோங்க" என்று வைத்துவிடுவார்கள். பிரதமர் இன்னும் வாயே திறக்கவில்லை! இவர்கள் காதில் மட்டும் யார் வந்து ஓதினார்கள்? மண்டை காய்ந்தது எனக்கு.

டீ குடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரியைப் பிடித்தேன். குரல் அப்படி, அவளை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம்.

"உங்கிட்டயும் இப்படிக் கேக்கறாங்களாடி?"

"கேக்காம? பெரிய தலைங்க எல்லாம் கை குலுக்கி போட்டோ எடுத்தாச்சு. அதைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். நீ டீயைக் குடி, ஆறிடப்போகுது."

எனக்கு மனசு ஆறவில்லை. நேரே சூப்பர்வைசர் அம்மாவிடம் போய், "'இன்னும் முடிவாகலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மேடம்?" என்றேன்.

"நீ ஒரு வார்த்தை சேர்த்தா, வர்ற பதில்ல பாதி உன்னோடது. எனக்கு அவங்களோடது வேணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "இன்னிக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து எனக்கே போன் வந்துச்சு. ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பொண்ணு."

"நீ என்ன சொன்னே?"

"ஆதரிக்கிறேன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெத்த பிள்ளைம்மா! எப்படி வாய் வந்துச்சு உனக்கு?"

"கத்தாதே. முடிவாயிடுச்சான்னு கேட்டேன். அவ இல்லேன்னு சொல்லலையே! கேட்டதையே திரும்பக் கேட்டா. சரி, முடிவாகாம இருந்தா சொல்லியிருப்பாளே, ஒப்புக்குக் கேக்கறாங்கன்னு நினைச்சேன். எப்படியும் போகப்போறான். பெத்தவளே வேண்டாம்னா அவனுக்கு மனசு விட்டுப்போகாதா?"

விடை கிடைத்துவிட்டது. நாங்கள் கேள்வியைத் திரும்பப் படித்ததையே ஜனங்கள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் போய்ச் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னேன். "வந்த பதில் கணக்கெல்லாம் நேத்து ராத்திரியே அரசாங்கத்துக்குப் போயிடுச்சும்மா" என்றார். அவர் முகமும் வாடித்தான் போனது.

அந்த வாரக் கடைசியில் பிரதமர் டிவியில் வந்தார். "நான் எந்த முடிவும் எடுக்காமல் காத்திருந்தேன். மக்கள் சொல்லட்டும் என்றிருந்தேன். பெரும்பாலோர் ஆதரவு என்று சொல்லிவிட்டீர்கள். நம் படை செல்லும்."

"அட, காத்திருந்தாராமே!" என்று அம்மா எழுந்தே விட்டாள். "நாங்க இவர் முடிவு பண்ணிட்டாருன்னுல்ல இருந்தோம்!"

போன் அடித்தது. தம்பி. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"செய்தி பாத்தியாம்மா?"

"பாத்தேன்பா."

"இங்க ஒருத்தனுக்கும் போக இஷ்டமில்லம்மா. சிப்பாய் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? ஜனங்க எப்படியும் வேண்டாம்னுடுவாங்கன்னு தைரியமா இருந்தோம். யாரும்மா இவ்வளவு பேரு, ஆமான்னு சொன்னது?"

'சொல்லாதே' என்று நான் அம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"நான்தாம்பா" என்றாள்.