நெமா வெஸே

சகலமானவர்களுக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், கண்டி மாநகரில் குரோஷிய மொழி எழுந்தருளியது. வரவேற்பு வளைவு கட்டப்படவில்லை. கட்டுக்கலைப் பகுதியில் இரண்டே இரண்டு அறை கொண்ட 'ராயல் யூரோப்பியன் லொட்ஜ்' என்னும் மாளிகையின் மாடிப்படியில் அது வந்திறங்கியபோது, எதிரே நின்றவர் உரிமையாளர் லாபிர் ஒருவர்தான். அவரும் ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் கோழிகள்.

மாடி அறையில் தங்கியிருந்த பாரிச் துரை, குரோஷியா என்ற தேசத்திலிருந்து வண்டு பிடிக்க வந்தவர். புசல்லாவைப் பக்கத்துக் காடுகளில் அட்டைக்கடி பட்டுப் பிடித்த வண்டுகளை ஒரு பலகையில் ஊசி குத்தி வரிசையாகக் காயவைத்திருந்தார். லாபிரின் மனைவி கைரியாவோ பெருநாள் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடித்து, மூலை முடுக்கெல்லாம் கூட்டிக் கழுவாமல் விடமாட்டார். துரை கம்பளைக்குப் போயிருந்த பகலில் விளக்குமாறும் கையுமாக மாடி ஏறினார்.

இறங்கி வந்து, மகளின் பேரைச் சொல்லிக் கணவரை அழைத்தபோது முகமெல்லாம் இரக்கம்.

"துரைக்குச் சரியான பூச்சித் தொல்லை போல, ஸக்கியாட வாப்பா. பாவம், ஒவ்வொண்டா ஊசியால குத்திக் கொண்டிருக்கார். எங்களுட்டச் சொல்லியிருக்கலாமே!"

"பூச்சியெல்லாம் எங்க?" என்றார் லாபிர்.

"கோழிக்குப் போட்டுட்டன். ஊசியெல்லாம் பத்திரமா துணியில குத்தி வெச்சிருக்கன். நல்ல ஊசி."

லாபிர் கொல்லைக்கு ஓடினார். கோழிகள் திருப்தியாக அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன.

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது லொட்ஜின் லைசன்ஸ். அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வெள்ளைக்கார ஏஜெண்டுத் துரையின் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒருவருக்கொருவர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்பது லாபிரின் அசையாத நம்பிக்கை. பாரிச் துரை போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசலில் மினுங்கும் 'ராயல்' பலகை அடுப்புக்கு விறகாகிவிடும்.

பின்னேரம் துரை வந்தார். மாடி ஏறினார். வெறும் பலகையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த ஊசித் துணியையும் பார்த்தார். படியில் நின்ற லாபிர் தனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் திரட்டி, "மை வைஃப். கிளீன். ஹென்" என்றார். துரை நீளமாய் ஒரு மூச்சு விட்டார். பிறகு லாபிரின் தோளில் தட்டி, "நெமா வெஸே, லாபிர், நெமா வெஸே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அர்த்தம் தெரியாத இந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு லாபிர் ஓடியது அடுத்த ஒழுங்கையில் இருந்த தியாகராஜாவிடம். யாழ்ப்பாணத்தவர், கோர்ட்டில் துவிபாஷியாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஏழு மொழி தெரியும் என்று அவரே சொல்வார். அதில் மூன்று உண்மை. 'தெரியாது' என்ற சொல் மட்டும் ஏழிலும் அவருக்குத் தெரியாது.

"உது லத்தீன் வழி வந்த பாஷை" என்றார் தியாகராஜா, கண்ணை மூடிக்கொண்டு. "எண்டாலும் ஒருக்கால் துரையிட்ட விசாரிச்சு உறுதிப்படுத்திறது முறை."

வந்து, துரையிடம் இங்கிலீசில் கேட்டு, படியிறங்கிச் சொன்னார்: "'பரவாயில்லை' எண்டு அர்த்தமாம்."

லாபிர் அப்படியே கதிரையில் சரிந்தார்.

"பரவாயில்லையா! அப்ப முடிஞ்சு ஐயா. தங்கச்சி றமீஸாட கலியாணத்தில இனிப்புக்கு வெச்ச வட்டிலப்பம் பத்தாமப் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் சிரிச்சுக்கொண்டே பரவாயில்ல எண்டாங்க. அண்டைக்குப் படியிறங்கின ஆக்கள் இன்னும் ஏறல்ல."

தியாகராஜா தலையாட்டினார். "ஓம். பரவாயில்லை எண்டவன் லேசில மறக்கமாட்டான். கத்தினவனை நம்பலாம். நீர் பயப்படாதையும், நாளைக்கு நான் வாறன். முறைப்படி மன்னிப்புக் கேட்பம்."

பெருநாளன்று, தொழுகை முடிந்த கையோடு, தலைப்பாகையும் வெள்ளைக் காற்சட்டையுமாகத் தியாகராஜா வந்து சேர்ந்தார். துரையை முன்விறாந்தையில் இருத்தி, தொண்டையைச் செருமி, இங்கிலீசில் தொடங்கினார். தன் கட்சிக்காரரின் குற்றமற்ற பாரம்பரியம், அவர் மனைவியின் சுத்தம் என்று நீண்டுபோய், கோழிகள் அறியாமையினால் இழைத்த பிழையில் பேச்சு வந்து நின்றது. லாபிர் கைகட்டி நின்றார். வட்டிலப்பத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரே பெருநாள் அது.

துரை குழம்பிப் போனார். "நான்தான் நெமா வெஸே சொன்னேனே?"

"அதாலதான் வந்திருக்கிறம்" என்றார் தியாகராஜா.

விஷயத்தைக் கறந்தெடுத்த துரை சிரித்த சிரிப்பில் கதிரை கிரீச்சிட்டது. பிறகு பொறுமையாக விளக்கினார், தியாகராஜா மொழிபெயர்த்தார். காலை மிதித்துவிட்டாயா, நெமா வெஸே. பேர் மறந்துபோனாயா, நெமா வெஸே. அத்தோடு விஷயம் செத்தது. மரண வீட்டில் மட்டும் சொல்லிவிடாதே.

"அப்ப கோவம் வந்தா?" என்றார் லாபிர்.

துரை எழுந்து நின்று, மேசையில் ஓங்கி அடித்து, தன் பாஷையில் ஏதோ கத்தினார். மாமரத்துக் காகங்கள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன. உள்ளே கைரியாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. துரை உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"இது கோபம். அது நெமா வெஸே. வண்டு புசல்லாவையில் இன்னும் கிடக்கிறது, போய்ப் பிடிப்பேன்."

லாபிரின் நெஞ்சிலிருந்து அம்மிக்கல் இறங்கியது. உலகத்தில் இப்படியும் ஒரு சனம்! பரவாயில்லை என்றால் பரவாயில்லைதானாம், பின்னால் வேறொன்றும் வராதாம். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் வந்தன. "கைரியா, தேத்தண்ணி கொண்டா! வட்டிலப்பமும் கொண்டா!" என்று கூவி, வந்த தட்டத்தைத் தானே வாங்கி, சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். தேநீர் முழுவதும் தியாகராஜாவின் வெள்ளைக் காற்சட்டைக்குப் போனது.

"நெமா வெஸே, ஐயா!" என்றார் லாபிர், மலர்ந்த முகத்தோடு.

துரை அவசரமாய் விரலை ஆட்டினார். "இல்லை, இல்லை. ஊற்றியவன் சொல்லக்கூடாது. நனைந்தவன்தான் சொல்லவேண்டும்."

எல்லாரும் நனைந்தவரைப் பார்த்தார்கள். தியாகராஜா தலைப்பாகையைச் சரிசெய்தார். காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை" என்றார்.

அடுத்த பெருநாள் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

லைசன்ஸ் சித்திரையில் வந்தது. ஏஜெண்டுத் துரையைப் பாரிச் துரைக்குத் தெரியவே தெரியாது.