மழைத் தவளைகளுக்கு ஒரு பெட்டி

ஆடி முடிந்தும் ஓசூரில் ஒரு சொட்டு விழாத வருடத்தில், பாகலூர் சாலைப் பக்கம் ஐசக் வீட்டுச் சமையலறையில் மட்டும் தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு மழை பெய்தது. பெருமழை இல்லை, நிதானமான தூறல்தான். அடுப்புமேடையிலிருந்து அரிசி டிரம் வரைக்கும் நனையும், அதற்கு அந்தப் பக்கம் தரை காய்ந்தே கிடக்கும். கூரையில் ஒழுகலும் இல்லை, குழாயில் உடைப்பும் இல்லை. மிக்சிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மரத்தவளைகள்தான் காரணம் என்பதை ஐசக்கின் மனைவி ஜெயசெல்வி சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். தவளைகள் ஹாலுக்குப் போனால் மழையும் கூடவே ஹாலுக்குப் போனது. அவை குளியலறையில் தங்கிய நாட்களில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.

பக்கத்து மனையில் நின்ற கொய்யா மரத்தை வெட்டி அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் அவை வீட்டுக்குள் வந்தன. ஒருமுறை ஜெயசெல்வி அவற்றை டிபன் பாக்சில் வைத்து ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தாள். அவள் பஸ் பிடித்து வீடு சேருவதற்குள் அவை முந்திக்கொண்டு வந்து டிவி மேல் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு அவள் விட்டுவர முயலவே இல்லை. கம்பெனியில் நாள் முழுக்க பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன உதிரிபாகங்களைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தக் கண்களோடு வீட்டுக்கு வந்து, தன்னைத் திரும்பிப் பார்க்கிற ஒன்றைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. போகப்போக அந்த இரண்டின் மேலும் அவள் உயிரையே வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் திம்மப்பனுக்கு அப்படி இல்லை. கீழ்வீட்டில் குடியிருந்த அவருடைய சுவரில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா ஐசக்கு, ஊரே தண்ணிக்கு அல்லாடுது, உன் வூட்ல மட்டும் செவுரு ஊறிக் கெடக்குது. தவளைய ஒரு பொட்டிக்குள்ள போட்டு வை. இல்லன்னா கார்த்திகைக்குள்ள வேற வூடு பாத்துக்கோ" என்றார். சந்தேகமே வந்துவிடக் கூடாதென்று அதையே தெலுங்கில் ஒருமுறையும் கன்னடத்தில் ஒருமுறையும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஐசக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிப்காட்டில் மின்சார சுவிட்சுகளை வைக்கும் இரும்புப் பெட்டிகள் செய்வதுதான் அவன் தொழில். அவன் செய்த பெட்டிகள் மொட்டை மாடிகளிலும் கல் குவாரிகளிலும் வெயில், மழை, புழுதி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்து நின்றன. ஒன்றிலாவது தண்ணீர் புகுந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமையை அடக்கி வைத்துக்கொள்கிற ஆளும் அவன் இல்லை.

"நோவா காலத்து வெள்ளமே வந்தாலும் என் பொட்டிக்குள்ள ஒரு சொட்டு போவாது செல்வி, பாத்துக்கோ" என்றான்.

சொன்னபடியே செய்தான். கனத்த தகடு, வெல்டிங் போட்ட இடம் கைக்கே தெரியாத மூலைகள், சுற்றிலும் ரப்பர் பட்டை, முன்பக்கம் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கதவு, இரண்டு பூட்டு. அந்த வட்டாரத்தில் அதைவிட நேர்த்தியான பெட்டியை யாரும் பார்த்திருக்க முடியாது. கம்பெனி வழக்கப்படி நாலு பக்கமும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தான், உள்ளே ஒரு துளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து தவளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் பெட்டிக்குள் மழை தொடங்கியது, ஹால் காய்ந்தே இருந்தது. திம்மப்பனைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கையால் தரையைத் தடவிப் பார்க்க வைத்து அனுப்பினான்.

வெளியே பெய்யும் மழையை மட்டுமே ஆயுசு முழுக்க நினைத்து வந்தவன், உள்ளே பெய்யும் மழை எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. காலையில் பார்த்தால் பெட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. மேல்தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரலளவு இடத்தில் இரண்டு தவளைகளும் மூக்கை நீட்டிக்கொண்டு தொங்கின. ஜெயசெல்வி போட்ட சத்தத்தில் ஐசக் கதவைத் திறக்க, அத்தனை தண்ணீரும் ஹாலை அடித்துக்கொண்டு படி வழியாகத் திம்மப்பன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அன்றோடு மழை நின்றது. தவளைகள் தகட்டின் சாம்பல் நிறத்துக்கே மாறி, கண்ணை மூடி, கால்களை இடுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டன. கரப்பான் குஞ்சு பிடித்துக் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தொல்லை ஒழிந்தது என்று திம்மப்பன் சந்தோஷப்பட்டார். ஜெயசெல்வி சோறு இறங்காமல் பெட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மழை வேணாங்க, ரெண்டும் பொழச்சா போதும். நீங்க வெளிய இருக்கறது உள்ள வராம செய்யறீங்க. உள்ள இருக்கறதுக்கு என்ன வேணும்னு பாக்கவே இல்லியே" என்றாள்.

அவள் பார்த்தாள். பழுது கண்டுபிடிக்கும் கண் அல்லவா. தவளைகள் எப்போதும் மேலே ஏறப் பார்ப்பதைக் கண்டு, படுத்திருந்த பெட்டியை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். மூச்சுக்காற்று போக மேல்தகட்டை அறுத்தெடுத்து, மூக்கு உரசினாலும் புண்ணாகாதபடி நைலான் கொசுவலை கட்டினாள். அடியில் கூழாங்கல், அதன்மேல் தேங்காய் நார், நடுவில் அதே கொய்யா மரத்தின் கிளை ஒன்று, அதைச் சுற்றி மணிபிளான்ட். மூழ்கிவிடாத ஆழத்தில் ஒரு கிண்ணம், அதில் மருந்து நெடி போக முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீர். தவளையைத் தொடுவதற்கு முன்னால் கையில் சோப்பு வாசனை போகும்வரை கழுவினாள். எல்லாம் முடிந்தபின் ஐசக்கிடம் டிரில் மெஷினை நீட்டினாள்.

"அடியில ஒரு ஓட்டை போடுங்க."

ஐசக்குக்குக் கை வரவில்லை. மேலே அறுத்தது போதாதென்று, தன் பெட்டியின் அடியிலும் தானே ஓட்டை போடுவதா? மெஷினை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். மூன்றாவது முறை வந்தபோது பெண்தவளை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதற்கு மேல் அவனால் வீம்பு பிடிக்க முடியவில்லை. ஓட்டை போட்டான். போட்டது போட்டதுதான் என்று பிசிறு நீக்கி, ரப்பர் வளையம் வைத்து, ஒரு குழாயைப் பொருத்தி வாளிக்குள் விட்டான். உலகத்தில் யாரும் ஒரு ஓட்டையை அவ்வளவு அழகாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

பல நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்குப் போகும்போது ஜெயசெல்வி ஜெபம் செய்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு சாயங்காலம் ஐசக் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, மரத்தைத் தட்டுகிற மாதிரி டக்டக்கென்று சத்தம் கேட்டது. ஆண்தவளை கிளையின் உச்சியில் இருந்தது. சாம்பல் போய்ப் பழைய பழுப்பு திரும்பியிருந்தது. கொசுவலைக்குக் கீழே ஒரு துளி திரண்டு கொய்யாக் கிளையில் விழுந்தது, பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக வாளியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஜெயசெல்வி கதவைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதாள். ஐசக்கும் அழுதான், ஆனால் வெல்டிங் புகை கண்ணில் பட்டது என்று சொன்னான்.

திம்மப்பன் வந்து சுவரைத் தடவினார், வாளியைப் பார்த்தார், ஒரு வாய் குடித்தும் பார்த்தார். மறுவாரம் அவரே குழாய் வாங்கி வந்து கீழே தொட்டி வரைக்கும் நீட்டிக்கொண்டார். கார்த்திகை போயிற்று, வீடு காலி செய்யும் பேச்சும் அதோடு போயிற்று. அடுத்த வருடம் கிண்ணத்துக்கு மேலே கிளையில் தவளைகள் நுரைக்கூடு கட்டின, அதிலிருந்து கிண்ணத்தில் விழுந்த குஞ்சுகள் வாலுதிர்ந்து கிளையேறின. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு கைப்பிடி மழை இருந்தது. குஞ்சு கேட்டவர்களுக்கெல்லாம் ஐசக் பெட்டியும் செய்து கொடுத்தான், ஓட்டையை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினான். சிப்காட்டில் அவன் செய்யும் பெட்டிகளில் இன்றைக்கும் ஒரு சொட்டு புகாது.

இப்போது அந்தத் தெருவில் புதிதாகக் குடிவருபவர்கள், பெட்டிக்குள்ளே மழை பெய்கிறதே என்று பதறிக்கொண்டு திம்மப்பனின் மனைவி சாந்தம்மாவிடம்தான் ஓடி வருவார்கள். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"அது பேயும். அடியில ஓட்டை இருக்குதா, பாத்தீங்களா?"