கவைக்கு மேலே

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குள் ஞானமாக ஊறவில்லை. என் தங்கை போட்ட உத்தரவு. அவள் கணவர் காட்டில் மரமேறிப் பாலெடுப்பவர். போன மாதம் விழுந்து இறந்தார். கம்பெனி அறிவிப்புப் பலகையில் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

“குடிச்சிட்டு ஏறினார்னு பேசுறாங்கண்ணா. கயிறு நைஞ்சிருந்துச்சுன்னு எழுது. உலகத்தையே கிண்டல் பண்றியே, இதை எழுத மட்டும் கை வலிக்குதா?”

(அவளுக்கு ஏழாம் மாதம். ஆகவே “ஆமாம்” என்று சொல்லவில்லை.)

2

தொடக்கம் ஒன்று: “வானளாவிய அவ்வனத்தாய் தன் வெண்பாலை மனிதகுலத்துக்கு வாரி...”

அடித்துவிட்டேன். மரம் எதையும் வாரி வழங்கவில்லை. பட்டையை அரிவாளால் கோணல்மாணலாகக் கீறி, வடிகிற பாலை அடியில் பை கட்டிப் பிடித்து, காய்ச்சிக் கட்டியாக்கி அனுப்புகிறார்கள்; யாரோ அதைச் சூயிங்கமாக மென்றுவிட்டு நாற்காலிக்கு அடியில் ஒட்டுகிறார். தாயாம்!

[அடிக்குறிப்பு: இந்த மரம் சப்போட்டாவுக்குக் காட்டிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். பழம் தேன். காயைக் கடித்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். மேடைப் பேச்சாளர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.]

தொடக்கம் இரண்டு: “அன்று அவர் இடுப்பில் கட்டிய கயிறு நைந்து...”

இங்கே பேனா நின்றது. கயிறுகளைச் சோதித்துக் கொடுப்பவர் மாப்பிள்ளையின் கூட்டாளி. நெட்டையாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர். கயிறு நைந்தது என்றால் கொன்றது அவர்.

3

அவரே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கயிறு அறுந்து போகலண்ணே. நான்தான் முதல்ல போய்ப் பார்த்தேன். கிளை பிரியுற கவையில முழுசாத் தொங்குது. முடிச்சை அவரேதான் அவுத்திருக்காரு.”

“எதுக்கு?”

“பழம் கவைக்கு மேலதான் இருக்கும். மரத்தைச் சுத்திக் கட்டின கயிறு கவையத் தாண்டாது. அவுத்துட்டுத்தான் ஏறணும். பாலுக்குப் போறவன் எவனும் அங்க ஏற மாட்டான்.”

இடுப்புத் துணியில் ஒன்பது பழங்களை முடிந்து வைத்திருந்தாராம். ஐந்து நசுங்கவில்லை.

“தங்கச்சி கேட்டுச்சாம், வாய்க்கு வேற எதுவும் பிடிக்கலன்னு. காலைல சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. இதை நான் கம்பெனில கூடச் சொல்லலண்ணே. ஆனா நீங்க கயிறுன்னு எழுதினா...”

முடிக்கவில்லை. வாக்கியத்தைப் பாதியில் விடுவது என்னுடைய இலக்கிய உத்தி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

4

கைவசமுள்ள முடிவுகள்:

அ) கயிறு நைந்திருந்தது. தங்கை நிமிர்ந்து நடக்கிறாள். ஒட்டடைக்குச்சிக்கு வேலை போகிறது, பேரும் போகிறது.

ஆ) பழம். மாப்பிள்ளை குடிகாரர் இல்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். தங்கை இனி எதையும் வாயில் வைக்கும்போது...

[வேண்டாம்.]

இ) பேய்க்காற்று. விதி. பெரிய எழுத்தாளர்களுக்குக் கைகொடுப்பது; விதி மறுப்புக் கடிதம் எழுதாது. ஆனால் அன்று இலைகூட அசையவில்லை. முற்றத்தில் துணி காயப்போட்ட தங்கைக்கு அது தெரியும்.

5

கதவைத் தட்டுகிறாள்.

“முடிச்சிட்டியாண்ணா? குடு, படிக்கிறேன்.”

“பிழை திருத்திட்டு இருக்கேம்மா.”

“உன் பிழைய நீ என்னிக்குத் திருத்தின? குடு.”

பகுதிக்கு ஒரு தாள். மூன்றிலிருந்து எல்லாவற்றையும் உருவிவிட்டால், அவள் இரண்டாம் தாளோடு நின்று ஒட்டடைக்குச்சியை ஆயுள் முழுக்கச் சபிப்பாள். அப்படியே கொடுத்தால், தன்னை.

என்னால் முடியவில்லை. கதவைத் திறக்கிறேன். வாசகரே, தாள்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பார்த்துக் கொடுங்கள், கை நீட்டுகிறாள்.