நீர்நாய்க்குட்டியின் அப்பா

கம்ப்யூட்டரில் வரைந்த மிருகங்கள் நடிக்கும் குடும்பப் படங்களைப் பற்றி இந்தப் புச்சான் நகரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்த தகப்பன் யாராவது இருந்தால், அவனை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அழலாம்.

முதல் பத்து நிமிடத்துக்குள் குட்டியின் அம்மாவோ அப்பாவோ சாக வேண்டும், அல்லது காணாமல் போக வேண்டும். குழந்தைகளுக்கான படம் என்று பெயர், ஆனால் சோளப்பொரி வாளி பாதி காலியாவதற்குள் ஒரு சாவு. மிருகத்தின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் காற்றில் அசைய வேண்டும் என்று நானூறு பேர் மூன்று வருடம் கண் எரிய வேலை பார்த்திருப்பார்கள். கதையை ஒரே ஒருவன், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வருகிற நேரத்தில் எழுதியிருப்பான். கூடவே ஒரு குண்டுப் பிராணி வந்து குசு விடும். படம் முடிந்து வெளியே வந்தால் அந்தப் பிராணிதான் கடை முழுக்கப் பொம்மையாகத் தொங்கும். எப்படி முடிப்பது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஆட விட்டுவிடுவார்கள். வில்லன் கழுகுகூட இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஆடும். எங்கள் விவாகரத்து வழக்கு முடிந்த அன்று கோர்ட்டில் யாரும் ஆடவில்லை.

அப்பாக்களில் இரண்டு வகைதான் உண்டு. செத்துப்போன அப்பா ரொம்ப நல்லவர், கடைசிக் காட்சியில் மேகத்தில் முகம் காட்டிச் சிரிப்பார். உயிரோடு இருக்கிற அப்பா மண்டு. மேகத்தில் தெரிவதற்கு எனக்கு இன்னும் வசதிப்படவில்லை என்பதால் நான் இரண்டாவது வகையில் சேர்த்தி.

இவ்வளவு ஞானம் எப்படி வந்தது என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வேலை போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நிறையப் பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன். காலையில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, மனைவி யூன்ஜூ கையசைக்க, ஆபீஸ் போவதுபோல் கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் மலையேறப் போவார்கள், நூலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முட்டி வலி, படிப்பும் ஓடாது. அதனால் சினிமா. காலைக் காட்சிக்குச் சீட்டு மலிவு, காலையில் ஓடுவதோ குழந்தைப் படங்கள். பாலர் பள்ளிக் கூட்டத்துக்கு நடுவில் டை கட்டிய ஓர் ஆள். நான்கு மாதம் பார்த்தேன். கரடி, பெங்குவின், பறக்கும் பன்றி, ஒன்று விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஆபீஸ் கதை சொல்வேன். செக்‌ஷன் தலைவருக்குச் சளி, புதிதாக வந்த பையன் சுறுசுறுப்பு, அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு.

துவைக்கப் போட்ட கோட்டுப் பையில் ஒரு சினிமாச் சீட்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி, பறக்கும் பன்றி.

“வேலை போனா போகுது,” என்றாள் யூன்ஜூ. “இன்னொண்ணு கெடைக்கும். ஆனா அந்தச் சளிப் புடிச்ச ஆளுக்கு நான் இஞ்சிக் கஷாயம் போட்டுக் குடுத்தனுப்பினேனே, அதை என்ன பண்ணின?”

அதை நானே குடித்திருந்தேன். படம் பார்க்கும்போது.

இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறேன், அதை யாரிடமும் மறைக்கவில்லை. எங்கள் மகள் சோதாமை மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை பத்திலிருந்து ஐந்து வரை நான் அழைத்துப் போகலாம். போன வாரம் யூன்ஜூ போனில் கூப்பிட்டாள். மார்ச்சில் சோதாம் ஒன்றாம் வகுப்புப் போகிறாள், சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கிறேன், இனிமேல் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதுமா என்று கேட்டாள்.

“போதாது,” என்றேன். “வேணும்னா அவளையே கேளு.”

“நான் கேட்டா நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லுவ. நீயே கேளு. அவ என்ன சொன்னாலும் எனக்குச் சரி. ரெண்டுன்னா ரெண்டு.”

ஆக, பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை நான் கேட்டாக வேண்டும். நல்ல படம் ஒன்று காட்டி, வயிறு நிறைய வாங்கிக்கொடுத்து, அதற்கப்புறம் கேட்பது என்று திட்டம். லஞ்சம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வேனில் சிக்னலுக்குக் காத்திருந்த நேரத்தில் போனிலேயே நீர்நாய்ப் படத்துக்கு இரண்டு சீட்டு எடுத்தேன்.

அரங்கில் குழந்தைகள் குறைவாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாசலில் குட்டி மெத்தை ஒன்றை எடுத்துவந்து இருக்கையில் போட்டு, அதன்மேல் சோதாமை உட்கார வைத்தேன். விளக்கு அணைந்தது. அம்மா நீர்நாய் வாயைத் திறந்தது. வந்தது இங்கிலீஷ்.

எங்கள் பாஷையில் டப்பிங் செய்த படத்துக்குப் பதில் சப்டைட்டில் படத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். காட்சி நேரத்துக்குக் கீழே எறும்பு அளவில் போட்டிருப்பான், சிக்னல் பச்சையாகிற அவசரத்தில் எவன் பார்த்தான்? ஆறு வயதுக் குழந்தையை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் புரியாத பாஷையில் ஒரு நீர்நாயைப் பேச விட்டிருக்கிறேன். இனி அவள் ஒரு சனிக்கிழமைகூடக் கேட்க மாட்டாள்.

“அப்பா, என்ன பேசறாங்க?”

“இரு, நான் படிச்சுச் சொல்றேன்.”

குனிந்து அவள் காதில் படிக்க ஆரம்பித்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. போன தடவை அப்படிச் சாய்ந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அவள் தலைமுடியில் ஏதோ புது ஷாம்பு வாசனை. முட்டாள்தனமாகச் சீட்டு எடுத்ததற்கு எனக்கே நன்றி சொல்லிக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் படித்தேன். பிறகு அம்மா நீர்நாய் குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லிற்று. கீழே எழுத்து ஓடியது: ‘உன் அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதெல்லாம் பொய். இனி வரமாட்டார்.’

“உங்க அப்பா மேல் ஆத்துக்கு மீன் பிடிக்கப் போயிருக்கார்,” என்று நான் படித்தேன். “கொஞ்சம் லேட்டாகும்.”

ஒன்றும் ஆகவில்லை. சோதாம் பொரியை மென்றுகொண்டிருந்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்குக் கை வந்துவிட்டது. ஆமை அந்த அப்பனைச் சோம்பேறி என்றால் நான் அவருக்கு முட்டி வலி என்றேன். கடைசியில் அந்த ஆள் கழுகின் குகையில் எடுபிடியாக அகப்பட்டான். ‘நான் கோழை. உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது’ என்று அழுதான். “உன்னைத் தேடிக்கிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்,” என்று நான் அவள் காதில் சொன்னேன். நானூறு பேர் மூன்று வருடம் செய்து கெடுத்ததை நான் ஒன்றரை மணி நேரத்தில் சரிப்படுத்திவிட்டேன். பிறகு எல்லோரும் ஆடினார்கள்.

டொன்காஸ் கடைக்குப் போனோம். பன்றிக்கறியைத் தட்டிப் பொரித்துக் கொடுப்பார்கள், அவளுக்குப் பிடிக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு பேச்சை எடுக்கப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீஸ் வச்சது மூணு மணிக்கு மேலதான் கெடைக்குமாம்,” என்றாள்.

“யார் சொன்னா?”

“அங்க எழுதியிருக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். கையால் எழுதி ஒட்டியிருந்தது, சின்ன எழுத்தில்.

“உனக்குப் படிக்க வருமா?”

“கோடையிலேயே வந்துடுச்சு. வாரா வாரம் வீட்டுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. அம்மா சொல்லலியா?”

சொல்லவில்லை. என் மகள் படிக்கக் கற்றுக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது, எனக்குக் கடைச் சுவர் சொல்கிறது. கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்குள் வேறொன்று உறைத்தது.

“அப்போ படத்துல...”

“எல்லாம் படிச்சேன். சில எழுத்து சீக்கிரமா ஓடிடுச்சு. அப்போ மட்டும் நீ சொன்னதைக் கேட்டேன்.” முள்கரண்டியால் முட்டைக்கோஸை ஒதுக்கினாள். “மத்ததெல்லாம் நீ மாத்திச் சொன்ன.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“நீ நல்லா படிச்சுக்கிட்டிருந்த.” கொஞ்சம் யோசித்தாள். “அம்மா சொல்லியிருக்காங்க. அப்பா கெட்டவர் இல்ல, மாத்திச் சொல்லுவார்னு.”

யூன்ஜூ என்னைப் பற்றி இதைவிட மோசமாக எவ்வளவோ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நியாயமாகப் பேசுகிறவளிடம் என்ன சண்டை போடுவது? தட்டில் இருந்த கறி ஆறிப்போயிற்று.

கேட்க வந்ததைக் கேட்டேன். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமையா, ஒன்றா, உனக்கு எப்படி வேண்டும்?

“நான் சொன்னா அம்மாகிட்ட மாத்தாம சொல்லுவியா?” என்று கேட்டாள்.

“சொல்லுவேன்.”

“ஒண்ணு போதும்.”

நான் தலையாட்டினேன். ஏன் என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“இங்கிலீஷ் க்ளாஸ்ல யேசொல் இருக்கா. எனக்குன்னு பக்கத்துல எடம் புடிச்சு வைக்கறேன்னு சொன்னா.”

அவ்வளவுதான். என் மேல் வெறுப்பும் இல்லை, மண்ணும் இல்லை. எவளோ ஒரு யேசொல் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். என்னை வெறுத்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் குடியிருப்பின் வாசலில் யூன்ஜூ கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள் என்பது தோளிலேயே தெரிந்தது.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

வழியெல்லாம் எனக்குப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன, கேட்காமலேயே. யோசித்துச் சொல்கிறாளாம். இப்போதைக்கு இரண்டே இருக்கட்டுமாம். கோடை விடுமுறை வரை பார்க்கலாமாம். ஒவ்வொன்றும் உண்மைபோலவே இருந்தது. அந்த நான்கு மாதத்தில் இதைவிடப் பெரிய கதைகளை நான் அலட்டிக்கொள்ளாமல் சொல்லியிருக்கிறேன். சோதாம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அண்ணாந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு போதுமாம்,” என்றேன்.

யூன்ஜூ கைகளைப் பையிலிருந்து எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “சரி,” என்றாள். “பேப்பர் அனுப்பறேன், கையெழுத்துப் போட்டுடு.” பிறகு, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அது பொய்தான், ஆனால் அந்த அளவுக்கு எல்லோரும் சொல்வார்கள்.

இருவரும் உள்ளே நடந்தார்கள். நான் வேன் பக்கம் திரும்புவதற்குள் சோதாம் ஓடிவந்தாள்.

“அப்பா, அடுத்த தடவையும் எழுத்து வர்ற படமே எடு.”

“எதுக்கு? அதான் நீயே படிச்சுக்கறியே.”

“நீயும் படி. நீ எங்கெங்க மாத்தறேன்னு நான் பாக்கணும்.”

சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். அடுத்த தடவை என்பது மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அதற்குள் நீர்நாய்ப் படத்தைத் தூக்கியிருப்பார்கள். வேறு ஏதாவது மிருகம் வரும், அதற்கும் ஓர் அப்பன் இருப்பான்.