ஆம்பூருக்கு வந்த கடல்தாமரை

ஆம்பூரில், ஊரார் ஷாப்பு என்று சொல்லும் அப்துல் வஹீத் சாயபுவின் தோல் தொழிற்சாலையில் இருதயராஜுக்குச் சாறு பார்க்கும் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பார்க்கோமீட்டர் என்ற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, சாறு எத்தனை டிகிரி என்று மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். சாறு கெட்டியாக இருந்தால் குழல் மேலே நிற்கும், நீர்த்துப்போனால் அமிழும். பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்துவந்ததில், பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே டிகிரி சொல்லிவிடுவான்.

1933ஆம் வருஷம் ஆவணியில் அவன் மனைவி ஆரோக்கியமேரிக்கு மூன்றாவது குழந்தையும் இறந்தே பிறந்தது. முதல் இரண்டுக்கும் அவள் அழுதாள். இதற்கு அழவில்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், கோயிலுக்குப் போனாள். ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அவன் கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், இவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஐப்பசியில் அவளை மதராஸுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். ரயிலுக்கு நேரமிருந்ததால் இருவரும் கடற்கரை வரை நடந்தார்கள். அங்கே கடல்மீன்களைக் கண்ணாடிக்குள் விட்டுக் காட்டும் கட்டிடம் ஒன்று இருந்தது. மீன்களையெல்லாம் அவள் பார்த்தும் பார்க்காமல் நடந்தாள். கடைசியில் ஒரு தொட்டியின் முன்னால் நின்றாள். பாறையில் செந்நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. இதழ்கள் தண்ணீரில் அலைந்தன. சின்ன இறால் ஒன்று அதன்மேல் உரசியதும் இதழெல்லாம் சுருங்கி இறாலை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இது பூவா, உசிரா?" என்று கேட்டாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி. இருதயராஜ் அங்கே எழுதியிருந்த பலகையைப் படித்து, "கடல்தாமரையாம். உசிருதான்," என்றான். ரயில் போய்விடும் என்று அவன் சொல்லும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அதை ஆம்பூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான். வேலூரில் ஏலத்துக்கு வந்த துரை வீட்டுச் சாமான்களில் பெரணிச்செடி வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று கிடைத்தது. மூன்று குடம் தண்ணீர் பிடிக்கும். விசாரித்துக்கொண்டு ராயபுரம் போனான். துறைமுகத்துக் கற்களில் ஒட்டிய ஜீவன்களைச் சேகரித்துக் காலேஜ்களுக்குக் கொடுக்கும் சுந்தரி என்ற மீனவப் பெண்ணைப் பிடித்தான். முதலில் தண்ணீரைப் பீங்கான் ஜாடிகளில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பினான். அடுத்த வாரம் மறுபடி போய் இரண்டு கடல்தாமரை, ஒரு நட்சத்திர மீன், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஆறு, எல்லாவற்றையும் வாங்கிவந்து ஆசையோடு தொட்டியில் கவிழ்த்தான்.

இரண்டாம் நாள் எல்லாம் செத்துப்போயின. வீடு நாறியது. மேரி வாளியில் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள். 

மார்கழியில் மறுபடி ராயபுரம் போனான். சுந்தரி கரையில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அய்யா, போன தபா எடுத்துனு போனது எல்லாம் நல்லாக்குதா?"

"எல்லாம் செத்துப்போச்சும்மா."

"எப்டி வுட்டே?"

"தொட்டில ஊத்தினேன்."

"அப்டியேவா?" அவள் கூடையைக் கீழே வைத்தாள். "கடத்தண்ணின்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சியா? மழ பேஞ்சா கரையில உப்பு கம்மி. உன் தொட்டி ஊட்டுல கெடந்து சுண்டியிருக்கும், அதுல உப்பு ஜாஸ்தி. இதுல கெடந்தத அதுல தூக்கிப் போட்டா அது இன்னாய்யா பண்ணும்?"

இருதயராஜ் பையிலிருந்து பார்க்கோமீட்டரை எடுத்து அவளுடைய வாளியில் மிதக்கவிட்டான். இருபத்தொன்று. புறப்படும் முன் சும்மா மிதக்கவிட்டுப் பார்த்தபோது வீட்டுத் தொட்டி முப்பதைத் தாண்டியிருந்தது நினைவுக்கு வந்தது. தினமும் இதே வேலையைச் செய்கிறவனுக்கு அன்றைக்கு இதைச் செய்யத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"சொட்டு சொட்டா மாத்தணும்," என்றாள் சுந்தரி. "அது கூடவே இருந்து பாக்கணும். அவசரப்பட்டா ஆவாது."

இந்தத் தடவை அவளே பொறுக்கிக் கொடுத்தாள். வாய் பிதுங்கித் தொங்கிய கடல்தாமரைகளை ஒதுக்கினாள். கல்லை இறுகப் பிடித்திருந்த ஒன்றை எடுத்து, "பிச்சா அடி கிழிஞ்சிரும், கல்லோடவே எடுத்துனு போ," என்றாள். நட்சத்திர மீனை அவன் கேட்டபோது, "சின்னத் தொட்டில அது பொழைக்காது, வேணாம்," என்று மறுத்துவிட்டாள். சங்குநண்டுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்ட மூன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். சோம்பி நின்றவற்றைத் தண்ணீரில் வீசினாள். பாசி தின்ன இரண்டு நத்தை. நண்டு வளர்ந்தால் குடிமாறுவதற்குச் சில வெறும் சங்குகள். "இவ்ளோதான். ஜாஸ்தி வச்சா எல்லாம் பூடும்."

சாயங்கால ரயிலில் வந்து சேர்ந்தான். அவை இருந்த ஜாடியை ஈரச்சாக்கு சுற்றி வைத்துவிட்டு, ஆம்பூர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது என்பதால், பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றித் தொட்டியை இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தான். காலையில் ஜாடியைத் தரையில் வைத்து, தொட்டியின் விளிம்பிலிருந்து முறுக்கிய துணித்திரி ஒன்றைத் தொங்கவிட்டான். தொட்டித் தண்ணீர் திரி வழியாக ஊறி, இருபத்தொன்றில் இருந்த ஜாடிக்குள் சொட்டியது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்தவனுக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியதுதான் நேரத்தை நினைவூட்டியது.

"நீ கொஞ்சம் பாத்துக்கறியா மேரி?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு சொன்னாள். "நான் தொட மாட்டேன். எங்கை பட்டா எதுவும் தங்காது."

"தொட வேணாம். திரி காயாம பாரு. இந்தக் குழல மெதக்க வுடு, கோட்டப் படி. போதும்."

வேறு வழியில்லாமல் அவன் போனான். மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது அவள் ஜாடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், "இருபத்தி மூணு," என்றாள். "ஒரு நண்டு காலு வெளில வுட்டுது. இன்னொண்ணு எட்டிப் பாக்குது." அன்று அடுப்பு மூட்டவேயில்லை. இருவரும் பழைய சோற்றைத் தின்றார்கள். மாலை நாலு மணிக்கு இருபத்தைந்து வந்தது. அவன் இல்லாதபோதே அவள் கல்லை இரண்டு கையாலும் ஏந்தித் தொட்டிக்குள் இறக்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் கடல்தாமரை விரிந்தது.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நாட்கள் அந்த வீட்டில் பேச்சு இருந்தது. காலையும் மாலையும் அகப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாள், காற்று கலக்கட்டும் என்று. தண்ணீர் சுண்டியதும் கோடு பார்த்து மழைத்தண்ணீர் விடுவாள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஆட்டிறைச்சியில் நகக்கண் அளவு கிள்ளி, ஈர்க்குச்சியில் குத்தி, கடல்தாமரைக்கு நீட்டுவாள். பெரிய நண்டு ஒருநாள் பழைய சங்கைவிட்டுப் புதுச் சங்குக்குள் பின்பக்கமாய் நுழைந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மணமா ஓடுதுங்க!" அன்று இருதயராஜ் தொழிற்சாலையில் காரணமில்லாமல் எல்லோரிடமும் சிரித்துப் பேசினான்.

மாசியில், தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மூன்று நாள் நீ பார் என்று மேஸ்திரி இருதயராஜை அங்கே அனுப்பினார். ஊறும் தோலின் முடி சீக்கிரம் உதிரவேண்டும் என்று சுண்ணாம்போடு சல்பைடு என்ற மருந்தைப் புதிதாகக் கலக்க ஆரம்பித்திருந்தார்கள். அழுகின முட்டை நாற்றம். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மேரி தண்ணீருக்குப் போயிருந்தாள். தொட்டியில் நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. ஒரு நண்டு அதன் சதையைக் கிள்ளப் பார்த்தது. முழங்கைவரை கையை விட்டு நத்தையைத் திருப்பி வைத்தான். சட்டைக்கை நனைந்தது. சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

மாலையில் வந்தபோது மேரி தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கடல்தாமரை கல்லைவிட்டுக் கழன்று, உள்வாய் வெளியே பிதுங்கி, மணலில் புரண்டு கிடந்தது. நத்தைகள் விழுந்திருந்தன. இரண்டு நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து, வெளுத்த வயிற்றோடு செத்துக் கிடந்தன. கல்லின் உச்சி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏறியிருந்த பெரிய நண்டு மட்டும் உயிரோடு இருந்தது. அவள் அதை ஜாடியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீருக்கு மாற்றியிருந்தாள்.

"காலைல நான்தான் இறச்சி குடுத்தேன்," என்றாள். "எங்கையாலதான் குடுத்தேன்."

இருதயராஜ் குனிந்தான். தண்ணீரிலிருந்து லேசாக அந்த நாற்றம் வந்தது. தன் சட்டைக்கையைப் பார்த்தான். சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.  நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். மறுநாளும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்ததும் சொன்னான்.

"மேரி, அது உன்னால இல்ல. எங்கையில ஷாப்பு மருந்து இருந்துச்சு. நத்தையத் திருப்பப் போயி நான்தான் கைய வுட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கோசரம் சொல்றீங்க."

"இல்ல மேரி. மாதா மேல ஆணையா."

"ஆணை வுடாதீங்க. ரெண்டு நாளா சொல்லாதவரு இன்னிக்கி எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியும். மூணு கொழந்தைக்கும் இப்படித்தான் ஏதோ ஒண்ணு சொன்னீங்க."

அவன் என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. தன் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காய்ச்சல்காரன் வேலைக்குத் திரும்பினான். ஆனாலும் மத்தியானம் இருதயராஜ் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய், கையை முழங்கைவரை முக்கி, துடைக்காமல் வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் கை எரிந்தது. மற்றக் கையால் ஜாடியிலிருந்த நல்ல தண்ணீரை ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, நண்டை எடுத்து அதில் விட்டான். மேரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தான். நண்டு கிண்ணத்தின் ஓரமாக நடந்தது. ஒரு கணம் அவனுக்கு நிறுத்திவிடலாமா என்று இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கையைக் கிண்ணத்தில் அமிழ்த்தினான்.

"இன்னா பண்றீங்க?" என்றாள்.

"பாரு."

நண்டு உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கிண்ணத்தின் பக்கச்சுவரைப் பிறாண்டியது. வழுக்கி விழுந்தது. மறுபடி பிறாண்டியது. அவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள். கிண்ணத்திலிருந்து எடுத்த அதே கையால் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கால்மணி நேரம் ஆகியிருக்கும். நண்டு சங்கிலிருந்து முழுதாக வெளியே வந்து, சுருண்ட வயிற்றை நீட்டி, அசைவற்றுப் போனது.

"பாத்தியா மேரி? எங்கைதான். உங்கை இல்ல."

அவள் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"சரி. நம்பறேன்," என்றாள். பிறகு, "அது நல்லா இருந்துச்சே. அத வுட்டிருக்கலாமே," என்றாள்.

 அவள் மணிக்கட்டை இன்னும் பிடித்திருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது; கையை எடுத்தான். பிடித்த இடம் சிவந்து தடித்திருந்தது. அவள் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டாள்.

அவள் நம்பறேன் என்றது பொய்யில்லை. பங்குனிக்குள் அவள் மாறியது ஊருக்கே தெரிந்தது. வள்ளியம்மாளின் குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அதோடு ஓயாமல் பேசினாள். இருதயராஜ் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கும். அவன் வாசலில் நுழைந்ததும் குழந்தையை வள்ளியம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போவாள். சோறு போடுவாள். குழம்பு வேணுமா, மோர் வேணுமா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இராது. திட்டவுமில்லை, அழவுமில்லை. அவன் கை தட்டின் பக்கம் வரும்போது தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள்.

ஒருநாள் விவரம் தெரியாமல் வள்ளியம்மாள் குழந்தையை அவனிடம் நீட்டினாள். "கொஞ்சம் புடிண்ணா, அடுப்புல பாலு பொங்குது."

"வேணாம்மா," என்றான் அவன். "ஷாப்புலேர்ந்து வர்றேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மேரிக்கு அது கேட்டது. அவள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவனைக் கடந்து, தெருவில் வெயில் படாத பக்கமாய் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.