தாய்மாமன் எங்கிருந்தாலும்

விளாங்குடியில் முத்திருளன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: வீட்டில் சும்மா இருக்கிறான். தல்லாகுளத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் வேலைக்குப் போகிறவன். அதே கம்ப்யூட்டர் முன்னால் வீட்டில் உட்கார்ந்தால் சும்மா இருப்பவன். சும்மா இருப்பவனுக்கு மட்டும் இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. ரேஷன் கடை வரிசை, மாமாவின் ஆதார் திருத்தம், எதிர்வீட்டுக்காரரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் அவன் தலையில்தான் விழும்.

அவன் பார்த்த வேலை, சத்தம் பிடிப்பது. ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவான். கண்மாய் நிறைந்து மறுகால் போகும் சத்தம், வெறும் பாறையில் விழும் மழை, விடியற்காலைப் பூ மார்க்கெட் இரைச்சல் எல்லாவற்றையும் பிடித்துவந்து, சுத்தம் செய்து, இணையத்தில் ஏற்றுவான். எங்கெங்கோ இருந்து வீடியோ விளையாட்டுகளும் படங்களும் செய்கிறவர்கள் வாங்குவார்கள். வயிறு காயவில்லை, மனசும் காயவில்லை. ஆனால் அவன் சித்தப்பா மகன் காளை இருக்கிறானே, டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் போதும், "எங்க முத்து காத்தப் புடிச்சு விக்கிறான். ஒங்களுக்கு எத்தன கிலோ வேணும்?" என்று ஆரம்பித்துவிடுவான். முத்திருளனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் பேசுவார்கள்.

அதனால்தான் அந்தக் கடிதம் வந்தபோது அவன் அதை நாலு தடவை திரும்பத் திரும்பப் படித்தான். பிரம்மபுத்திரா நதியைக் கரையோரமாகவே நான்கு மாதம் தொடர்ந்து போய்ப் படமெடுக்கப் போகும் ஒரு குழு, ஒலிப்பதிவுக்கு ஆள் தேடியது. இணையத்தில் அவன் பிடித்த மழையைக் கேட்டுவிட்டு அவர்களே எழுதியிருந்தார்கள். இரண்டு கட்டம் தாண்டிவிட்டான். கடைசியாக ஒரு வீடியோ பேச்சு. அதையும் ஒரு முறை, மாமா வீட்டில் ஒரு சாவு விழுந்து, அந்தக் கேதத்துக்காக அவனே தள்ளிப்போடச் சொல்லியிருந்தான். "அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணி. அன்று மாலை இயக்குநர் விமானம் ஏறுகிறார், இதற்கு மேல் மாற்ற வழியில்லை" என்று சென்னையிலிருந்து குழுவின் ஒருங்கிணைப்பாளர் சுபலட்சுமி எழுதிவிட்டார். இதை விட்டால் சாகும்வரை ரேஷன் வரிசைதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

விஷயத்தை அம்மா அன்னக்கொடியிடம் மட்டும் சொன்னான். அவள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் வாசல் கதவைச் சாத்தினாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுய்யா. டிக்கெட்டு கைக்கு வர்ற மட்டும் ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியக் கூடாது. நம்ம ஆளுக கண்ணு இருக்கே, பச்ச மரத்தையும் பட்டுப்போக வச்சுரும்."

அவன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேரளாவில் ஒரு படத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி, அது கை நழுவி, பிறகு ஆறு மாதம் "கேரளா என்னாச்சு மாப்ள?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே அவன் நாக்குத் தேய்ந்தது. அந்தப் பயம் இருந்தது. படித்தவனுக்கு வரும் பயமும் படிக்காதவளுக்கு வரும் பயமும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

மறுநாளே தங்கை தாமரைச்செல்வி போன் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில். முத்துமீனா அவளுடைய பெண் குழந்தை.

"அண்ணே, முத்துமீனாவுக்கு முடியெறக்கி காது குத்த நாள் பாத்தாச்சு. அடுத்த புதன், பத்தரைக்கு மேல பதினொன்றரைக்குள்ள. எங்க குலசாமி கோயில்ல. பத்திரிகைக்குக் குடுக்கலாமான்னு அவுக கேக்கச் சொன்னாக. ஒனக்கு ஒண்ணும் சோலி இல்லேல்ல?"

பத்திரிகைக்கு இன்னும் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைப்பார்கள்; மாமன் இல்லாமல் நாளே இல்லை. எதிரே நின்ற அன்னக்கொடி உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். "எனக்கென்ன சோலி? வைங்க" என்றான் முத்திருளன்.

சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பத்தரைக்கு உட்கார்ந்தால் பத்தே முக்காலுக்கு எழுந்துவிடலாம். பதினோரு மணிக்குக் காருக்குள் லேப்டாப்பைத் திறந்தால் போதும். பத்தரை என்று போட்ட விசேஷம் எந்தக் காலத்தில் பத்தரைக்கு நடந்திருக்கிறது என்பதை, அதே மண்ணில் பிறந்து வளர்ந்தவன் எப்படி மறந்தானோ!

புதன்கிழமை சீர்த்தட்டுகளோடு ஒன்பதரைக்கே போய்விட்டார்கள். பட்டுப்பாவாடை, தோடு, கொலுசு, தேங்காய், பழம், பூமாலை. மேளம் வர பத்தே கால். மேளம் முழங்கச் சீரை இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோக பத்து நாற்பது. மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்கி முடித்தபோது பத்து ஐம்பது. பிள்ளை மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தது. பிறகு குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். காது குத்தும் ஆசாரி அடுத்த ஊரில் இன்னொரு காதை முடித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள்.

"மாப்ள, இந்தா வந்துர்றேன்" என்று தங்கை புருஷன் அழகுபாண்டியிடம் சொல்லிவிட்டு முத்திருளன் நழுவினான்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம்தான் சிக்னல் நன்றாக இருந்தது. காரை அங்கே கொண்டுபோய்க் கண்ணாடிகளை ஏற்றினான். திரையில் மூன்று முகங்கள். இயக்குநர் அவன் பிடித்த மழையைப் போட்டுக் காட்டி, இதை எந்த இடத்தில் நின்று பிடித்தாய் என்று கேட்டார். அவன் சொல்லத் தொடங்கினான். பாறை எந்தப் பக்கம் சரிந்திருந்தது, எத்தனை மணி நேரம் நனைந்தான், ஏன் குடை பிடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னான். இப்படி யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. தன்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதே அவனுக்குப் போதை ஏற்றியது.

அப்போதுதான் குழாய் ஸ்பீக்கர் அலறியது.

"தாய்மாமன் முத்திருளன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். ஆசாரி வந்துவிட்டார். தாய்மாமன் முத்திருளன் அவர்கள்..."

இயக்குநர் புருவத்தைத் தூக்கினார். சுபலட்சுமி மட்டும் தமிழில் கேட்டார். "உங்களைத்தான கூப்பிடுறாங்க? காதுகுத்தா? போயிட்டு வாங்க சார், நாங்க காத்திருக்கோம். அரை மணி நேரம் ஒண்ணும் பிரச்சினை இல்ல."

எழுந்து போயிருக்கலாம். எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது வேறு: போன தடவை கேதம், இந்தத் தடவை காதுகுத்து. நான்கு மாதம் ஆற்றோடு போக இவனா லாயக்கு என்று நினைத்துவிட்டால்?

"நான் இல்ல மேடம். இந்தப் பக்கம் இந்தப் பேரு நெறய. கோயில்ல யாரோ விசேஷம் வச்சிருக்காங்க" என்றான். சொன்ன வேகத்தில் அவனுக்கே கூசியது.

ஸ்பீக்கர் மூன்றாவது முறை கூப்பிட்டது. பிறகு நாலாவது முறை. யாரோ வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். அவன் திரும்பவில்லை. சிறிது நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது. ஒரு பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. சத்தங்களைப் பிரித்துக் கேட்டே பழகிய காது. யார் அழுகிறது என்று அதற்குத் தெரியும்.

பேசி முடித்தபோது பதினொன்று நாற்பது. "ஆற்றங்கரையில் சந்திப்போம்" என்று இயக்குநர் கையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

பந்தலுக்கு ஓடினான். பிள்ளை காளையின் மடியில் தேம்பிக்கொண்டிருந்தது. சித்தப்பா மகனும் மாமன் முறைதானே என்று, நல்ல நேரம் தப்புவதற்குள் அவனை உட்காரவைத்திருக்கிறார்கள். காளையின் கழுத்தில் மாலை. அவன் இன்று கிண்டல் எதுவும் பேசவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

பேசியது தாமரையின் மாமியார் செல்லத்தாய். "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஒண்ணுவிட்ட மாமன் மடியில குத்தியிருக்கோம். ஊரு சிரிச்சுப் போச்சு. எங்கய்யா போன?"

அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை. மகனுக்குப் பரிந்துகொண்டு முன்னால் வந்தாள். "பிள்ளைக்கு வடக்க பெரிய வேல பேசுறாக. பத்து நாளைக்கு முன்னாடியே வந்த பேச்சு. இன்னைக்கு இந்நேரத்துக்குத்தேன் பேசணும்னாக, அவன் என்ன செய்வான்? கண்ணு பட்டுப்போகும்னு நாந்தேன் யார்ட்டயும் சொல்ல வேணாம்னேன்."

தாமரைச்செல்வி அதுவரை பிள்ளையின் காதில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அழுவாள், கத்துவாள் என்று முத்திருளன் எதிர்பார்த்தான். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நான் போன் போட்டன்னைக்கே ஒனக்குத் தெரியும்ல?"

அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"பத்திரிகைக்குக் குடுக்கட்டுமான்னு கேட்டேன்லண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த வளர்பிறைக்கு வச்சிருப்பேன். நீ வேலைய விட்டப்ப அம்புட்டுப் பேரும் வஞ்சாக, நான் ஒருத்திதேன் அண்ணன் செஞ்சது சரின்னேன். இந்த வீட்டுல எம்புட்டுப் பேச்சுக் கேட்டேன் தெரியுமா அதுக்கு?"

"தாமரை, அம்மா சொன்னுச்சுன்னு..."

"எங்கண்ணுமா படும்னு நெனச்ச?"

ஆமாம் என்றால் கொலை, இல்லை என்றால் பொய். உண்மையில் அவன் தங்கையைத் தனியாக நினைத்தே பார்க்கவில்லை. ஊர் என்று நினைத்தபோது அந்த ஊருக்குள் அவளையும் சேர்த்துவிட்டான். அது இன்னும் கேவலம் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள். பட்டுப்பாவாடை, பிரிக்காத கொலுசு, தேங்காய், பழம். யாரும் தடுக்கவில்லை, அழகுபாண்டிகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் அண்ணன் காரின் பின்சீட்டில் அடுக்கினாள்.

"தோட்ட மட்டும் இப்பக் கழட்ட முடியாது. ரணமா இருக்கு. ஆறுனதும் குடுத்துவிடுறேன்" என்றாள்.

"கெடச்சிருச்சு தாமரை" என்றான் முத்திருளன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னான். வாயை விட்டு வந்த பிறகுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"கெடைக்கும்ணே. அதேன் எங்கண்ணு படலேல்ல" என்று சொல்லிவிட்டு, கார்க் கதவைச் சாத்தி, அழுகிற பிள்ளையிடம் போனாள்.